ஐந்து கணினிகளுக்கும் ஒரே பெயர்

எழுதத் தொடங்கும் முன் ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள், தம்பி. கணினியைப் பற்றி எழுதப்படும் கட்டுரைகளில் இணைத்தவர் இருப்பார். இணைப்பு இருக்கும். இணைக்கப்பட்ட பெட்டிகள்கூட எண்ணிக்கையோடும் வயதோடும் இருக்கும். அந்தப் பெட்டியின் முன்னால் நாள் முழுக்க உட்கார்ந்து, ‘வந்துவிட்டது’, ‘வரவில்லை’, ‘மறுபடியும் வரவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்த பெண் மட்டும் இருக்கமாட்டாள். அவளை விட்டுவிட்டு எழுதுவதே வழக்கமாகிவிட்டது. இந்த முறை அது நடக்காது. நடக்க விடமாட்டேன்.

என் கணவர் எங்கள் சர்ச்சின் சேகரக் கமிட்டிக்குப் போயிருக்கிறார். ஆலயத்துக்குப் புது ஒலிபெருக்கி வாங்குவதா, பழையதைப் பழுதுபார்ப்பதா என்று இன்று முடிவெடுக்கிறார்கள். ஏழு ஆண்கள் கூடி ஒலிபெருக்கியைப் பற்றிப் பேசினால் மதியம் ஒரு மணிக்கு முன் முடியாது. ஆகவே நமக்கு நேரம் இருக்கிறது. காப்பி ஆறிவிடும், குடியுங்கள்.

உங்கள் கணினி ஆர்வலர் சங்கத்தின் ஆண்டு மலருக்காக நீங்கள் எழுதிய முன்வரைவைப் படித்தேன். அவருக்குத்தான் அனுப்பியிருந்தீர்கள், நான் படித்தேன். ‘பாளையங்கோட்டையில் ஒரு கணினிக் குடும்பம்’ என்று தலைப்பு. குடும்பம் தலைப்போடு சரி. உள்ளே திரு. தனராஜ் சாமுவேல் பதினேழு இடங்களில் வருகிறார், எண்ணிவிட்டேன். கடைசி வரியில், ‘குடும்பத்தினரின் பொறுமைக்கு நன்றி.’ பொறுமையா? ரயிலுக்குக் காத்திருக்கிறவர்களுக்குத் தேவைப்படுவது பொறுமை. நான் காத்திருக்கவில்லை, கண்டுபிடித்தேன். அந்த வரியை அடித்துவிட்டு, ‘இணைப்பில் இருந்த பழுதைக் கண்டறிந்தவர் முனைவர் எஸ்தர் பாக்கியசீலி’ என்று போட வேண்டும். எனக்கு வேண்டியது அந்த ஒரு வரி. அதற்காகத்தான் உங்கள் செயலாளருக்கு மூன்று கடிதங்கள் எழுதினேன். மூன்றாவது கடிதத்துக்குப் பிறகுதானே உங்களை அனுப்பியிருக்கிறார்? நினைத்தேன்.

முப்பத்தோராண்டு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவள் நான். வகுப்பில் பேசுவது போலத்தான் வீட்டிலும் பேசுவேன். ‘ஏன் மேடம் பேப்பர் வாசிக்கிற மாதிரிப் பேசுறீங்க?’ என்று மாணவிகள் கேட்பார்கள். ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் ஒழுங்காக முடிக்க வேண்டும் என்பேன். இந்த வீட்டில் வாக்கியத்தை முடிக்கும் பழக்கம் எனக்கு மட்டும்தான் உண்டு.

சரி, நடந்ததைச் சொல்கிறேன்.

அவர் தொலைபேசித் துறையில் ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுமாதமே கழித்துப்போட்ட கணினிகளைச் சேர்க்கத் தொடங்கினார். ஒன்றின் வயிற்றைத் திறந்து இன்னொன்றுக்கு வைப்பார். அப்படிச் சேர்ந்தவை ஐந்து. ஒன்று மாடியறையில், அவர் உட்காரும் இடத்தில். மற்றவை கூடத்திலும் சாப்பாட்டு அறையிலும் சாமான் அறையிலும் ரூபியின் அறையிலும். ஐந்திலும் இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டு, மாடியில் இருந்தபடியே கீழேயுள்ள நான்கின் திரைகளையும் தம் திரையில் திறந்து வேலை செய்ய வேண்டும் என்பது அவருடைய திட்டம். ரிமோட் டெஸ்க்டாப். பிப்ரவரியில் உங்கள் சங்கத்துப் போட்டி. நடுவர்கள் வீடு தேடி வந்து பார்ப்பார்கள். ஜனவரி முதல் வாரம் வரை ஒரு திரைகூடத் திறக்கவில்லை.

ரூபியைச் சொல்ல வேண்டும். அவருடைய தங்கை. நாற்பத்திரண்டு வயது, திருமணம் ஆகவில்லை. ஓர் அச்சகத்தில் பதினோராண்டு பக்கம் அமைக்கும் வேலையில் இருந்தாள். அச்சகத்தை மூடிவிட்டார்கள். இரண்டு வாரம் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்தவள், நான்காண்டு ஆகியிருந்தது. நான் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அவளும் சும்மா உட்கார்ந்து சாப்பிடுகிறவள் இல்லை. சமையலையும் துணியையும் அவளாகவே எடுத்துக்கொண்டாள். நானாகக் கேட்டதில்லை.

சோதனை நடந்த விதம் இது. அவர் மாடியில். ரூபி கூடத்தில், கணினியின் முன்னால். எனக்கு முழங்கால் வலி. ஆகவே நான் மாடிப்படியின் அடியில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பேன். ரூபியின் குரல் மாடிக்கு எட்டாது. அச்சகத்தில் பதினோராண்டு வாயைத் திறக்காமல் வேலை பார்த்தவள் அல்லவா? அவள் சொல்வதை நான் மேலே சொல்ல வேண்டும். கைபேசியில் பேசலாமே என்று கேட்காதீர்கள். ஒரே வீட்டுக்குள் போன் பண்ணுவது ஒரு தொலைபேசித் துறைக்காரருக்கு அவமானமாம்.

“ஏ எஸ்தர்! இங்க கருப்பாக் கெடக்கு. கீழ என்ன காட்டுது?”

“ரூபி, என்ன தெரிகிறது?”

“எல்லாம் நல்லாத்தான் இருக்கு மைனி. மணி ஓடுது. மூலைல குப்பத்தொட்டி படம் இருக்கு.”

“கீழே இயல்பாக இருக்கிறது!”

“இயல்புன்னா என்னட்டி? வந்துட்டா, வரலியா? அதச் சொல்லு.”

நான் அங்கே உட்கார்ந்து செய்ததைச் சிலர் வெறும் எதிரொலி என்று நினைக்கலாம். அப்படி இல்லை. ரூபி சொல்வதை அப்படியே மேலே அனுப்ப முடியாது. குப்பைத்தொட்டியை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? எது தேவை, எது தேவையில்லை என்று பிரித்து, செம்மைப்படுத்தி அனுப்ப வேண்டும். அது அறிவு வேலை.

மூன்று வாரம், தம்பி. முதலில் வயரை மாற்றினார். பிறகு ரவுட்டரைச் சாப்பாட்டு அறையிலிருந்து வேதப்புத்தக அலமாரியின் உச்சிக்கு ஏற்றினார். பிறகு, கரண்ட் போய் வரும்போதெல்லாம் ரவுட்டர் கணினிகளின் முகவரி எண்ணை மாற்றி மாற்றிக் கொடுக்கிறது என்று கண்டு, ஒவ்வொன்றுக்கும் நிலையான எண்ணைக் கட்டிவைத்தார். அது சரியான காரியம், ஒப்புக்கொள்கிறேன். பிறகு ஃபயர்வாலில் இருந்த தடையை எடுத்தார். மாடியிலிருந்து கூப்பிட்டால் கீழேயுள்ள கணினி பதில் கொடுத்தது; திரை மட்டும் கருப்பு.

“கூப்பிட்டா கொரல் குடுக்கு, கதவத் தெறக்க மாட்டேங்கு. ஒங்க குடும்பத்து ஆளுங்க மாதிரியேல்லா இருக்கு” என்றார்.

“எங்கள் குடும்பத்தில் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் கதவைத் திறப்பார்கள்” என்றேன்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள். ஐந்து கணினிகளிலும் அவர் ஒரே ஒரு பயனர்பெயரைத்தான் வைத்திருந்தார். தனராஜ். மாடியில் தனராஜ், கூடத்தில் தனராஜ், சாமான் அறையில் அரிசிப் பானைக்குப் பக்கத்திலும் தனராஜ். யார் உட்கார்ந்தாலும் அந்தப் பெயரைத் தட்டி, அவருடைய பாஸ்வேர்டைத் தட்டித்தான் உள்ளே போக வேண்டும். சோதனைக்கும் அவர் ஒரு விதி வைத்திருந்தார். முதலில் கணினியை அணைத்துப் போட வேண்டும். ரூபி உள்ளே போக வேண்டும். ‘உள்ளே போய்விட்டாள்’ என்று நான் சொன்ன பிறகுதான் அவர் மாடியிலிருந்து இணைப்பைத் தொடுப்பார். கீழே ஆள் இருந்தால்தானே வந்ததா இல்லையா என்று தெரியும்? நியாயமாகத்தான் தோன்றும். அந்த விதிதான் பழுது.

அந்த லினக்ஸுக்கு ஒரு குணம் இருந்தது. ஒரே பெயரில் ஒருவர் நேரில் உட்கார்ந்திருக்கும்போது அதே பெயரில் தொலைவிலிருந்து இன்னொருவர் வந்தால், வந்தவருக்குக் கருந்திரையைத்தான் காட்டும். வேலை செய்கிறதா என்று பார்க்க ஆளை உட்கார வைத்தார். ஆள் உட்கார்ந்திருந்ததால்தான் வேலை செய்யவில்லை. வயரில் ஒன்றுமில்லை, ரவுட்டரில் ஒன்றுமில்லை. மூன்று வாரம்!

எப்படிக் கண்டுபிடித்தேன் என்றா கேட்கிறீர்கள்? சொல்கிறேன். இரண்டாம் வாரத் தொடக்கத்தில் ஒரு நாள், காலை பதினொரு மணி இருக்கும். குக்கர் விசில் அடித்தது. ரூபி எழுந்து போனாள். எழுந்து போகும்போது லாக்-அவுட் செய்துவிட்டுப் போவது அவளுக்கு அச்சகத்துப் பழக்கம். பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுப் போனால் வேறு யாராவது எழுத்தை மாற்றிவிடுவார்களாம். அவள் அடுப்படிக்குள் நுழைந்ததும் மாடியில் ஒரே சத்தம்.

“வந்துட்டு! எஸ்தர், வந்துட்டு! நாந்தான் சொன்னேம்லா, அந்த வயருதான்!”

மறுபடி உறுதி செய்யலாம் என்று அணைத்துப் போடச் சொன்னார். ரூபி வந்து உட்கார்ந்து உள்ளே போனாள். கருப்பு.

“வயரு லூசா இருக்கும்” என்றார்.

அன்று பிற்பகல் ரூபி துணி மடித்துக்கொண்டே என்னிடம் வந்தாள்.

“மைனி, ஒண்ணு சொல்லட்டா? நான் உள்ள இருந்தாத்தான் அண்ணனுக்கு வரல்ல. வெளிய வந்துட்டா வருது. நீங்க குளிக்கப் போயிருந்தப்ப, அண்ணனும் வெளிய போயிருந்த நேரம், மாடி ஏறி எறங்கி மூணு தடவ பண்ணிப் பாத்துட்டேன். ரெண்டு பேரும் ஒரே பேர்ல நொழையுதோம்லா, அதான் இடிக்கு. எனக்குன்னு வேற பேரு ஒண்ணு போட்டுக் குடுத்தா நான் உள்ளயே இருக்கலாம். அண்ணங்கிட்ட சொல்லுங்களேன்.”

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “ரூபி, தற்செயல் வேறு, காரணம் வேறு. மூன்று முறை நடந்தால் அது விதியாகிவிடாது. அரைகுறையாகச் சொல்லி அண்ணனைக் குழப்பாதே” என்றேன். ஓர் ஆசிரியை சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன். மாணவி ஓர் ஊகத்தோடு வந்தால் உடனே தட்டிக்கொடுத்துவிடக் கூடாது. அவள் தலையாட்டிவிட்டுத் துணிகளை அலமாரியில் வைக்கப் போய்விட்டாள். வற்புறுத்தவில்லை. தன் ஊகத்தின் மேல் உறுதி இருந்தால் வற்புறுத்தியிருக்க மாட்டாளா?

அதன் பிறகு பத்து நாள் அவர் ரவுட்டரை இறக்கினார், ஏற்றினார்.

பதினோராம் நாள் நான் ஒரு நோட்டை எடுத்தேன். கட்டம் போட்டேன். ஒரு பக்கம் கீழே ஆள் உள்ளே, ஆள் வெளியே. இன்னொரு பக்கம் மேலே வந்தது, வரவில்லை. ரூபியைக் கூப்பிட்டு, “நான் சொல்லும்போது உள்ளே போ, நான் சொல்லும்போது வெளியே வா” என்றேன். செய்தாள். இருபது முறை. உள்ளே இருந்தபோதெல்லாம் கருப்பு. வெளியே இருந்தபோதெல்லாம் திரை. இருபதுக்கு இருபது! அதற்குப் பெயர்தான் நிறுவுதல். ரூபி ஒரு பேச்சுக்குச் சொன்னாள், நான் நிறுவினேன். இரண்டுக்கும் உள்ள தூரம் உங்களுக்குத் தெரிந்திருக்கும், நீங்களும் பொறியியல் படித்தவர்.

நோட்டோடு மாடி ஏறினேன். முழங்கால் வலியோடு, பதினெட்டுப் படி.

“ஐந்து கணினியிலும் உங்கள் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இந்த வீட்டில் வேறு மனிதர்களே இல்லையா?”

“இது என்னட்டி புதுசா? பேரு எதா இருந்தா என்ன, வேல நடக்கணும்.”

“வேலை நடக்கவில்லை என்பதற்குத்தான் வந்திருக்கிறேன். நடக்காததற்குக் காரணம் அந்தப் பெயர்தான். பாருங்கள்.”

பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி பார்த்தார்.

“அப்ப என்ன பேரு போட?” என்றார்.

“எஸ்தர்” என்றேன்.

அவர் கையாலேயே தட்டவைத்தேன். ஐந்து கணினியிலும். பேரு எதா இருந்தா என்ன என்று அவர் சொன்னாரே, அந்த வாக்கியத்தை நான் மன்னிக்கவே இல்லை. தன் பெயர் எல்லா இடத்திலும் இருக்கிறவர்கள்தான் அப்படிப் பேசுவார்கள். ஒரு பெண் உழைத்த இடத்தில் அவள் பெயர் இருக்க வேண்டும் என்று வகுப்பில் எத்தனை ஆண்டு சொல்லியிருக்கிறேன். என் வீட்டிலேயே அதை நடத்திக் காட்டினேன்.

கீழே வந்து ரூபியிடம், “இனி நீ எஸ்தர் என்று தட்டி உள்ளே போ” என்றேன். போனாள். மேலிருந்து அவர் தொடுத்தார். திரை வந்தது. கீழே அவளும் உள்ளே இருந்தாள், மேலே அவரும் இருந்தார். இடிக்கவில்லை.

ரூபி என்னைத் திரும்பிப் பார்த்தாள். “மைனி, எம் பேருக்கு ஒண்ணு போட்டிருக்கலாம்லா? நாந்தான இதுல ஒக்காருதேன்” என்றாள்.

“எந்தப் பெயராக இருந்தால் என்ன ரூபி, காரியம் நடக்க வேண்டும், அவ்வளவுதானே” என்றேன். போட்டிக்கு எட்டு நாள்தான் இருந்தது. ஐந்து கணினியிலும் மறுபடி முதலிலிருந்து செய்துகொண்டிருக்க முடியுமா?

நடுவர்கள் வந்தார்கள். சனிக்கிழமை காலை, மூன்று ஆண்கள். மாடியில் அவர் ஒவ்வொரு திரையாகத் திறந்து காட்டினார். சாமான் அறையில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கிடந்த கணினிகூடத் திறந்தது. ஒரு நடுவர் கீழே இறங்கி வந்து கூடத்தில் பார்த்தார். திரையின் மூலையில் எஸ்தர் என்று இருந்தது.

“நீங்கதான் எஸ்தர் மேடமா? ரொம்ப அருமையாப் பண்ணியிருக்கீங்க” என்று ரூபியிடம் கை கூப்பினார்.

“இல்ல சார். மைனி அந்தா, படிக்கிட்ட நிக்காங்க” என்றாள்.

பொய் சொல்லத் தெரியாதவள். அந்தக் குணத்தை நான் எங்கும் சொல்வேன்.

முதல் பரிசு. கேடயம் வந்தது. அதில் திரு. தனராஜ் சாமுவேல். நான் அதை அலமாரியில் வைக்க விடவில்லை. மேஜையில் முகம் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். அவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. நான் கடிதம் எழுதினேன். என்னுடைய கையெழுத்தை உங்கள் செயலாளர் படிக்கமாட்டார் என்று ரூபிதான் தட்டிக் கொடுத்தாள். அழகாகத் தட்டுவாள், ஒரு பிழை இருக்காது. இரண்டாவது கடிதத்தின் நடுவில் கையை நிறுத்திவிட்டு, “மைனி, இதுல ‘நான் கண்டறிந்தேன்’னு அடிக்கட்டா, ‘நாங்கள்’னு அடிக்கட்டா?” என்று கேட்டாள்.

“நான்” என்றேன். “தெளிவாக இருக்க வேண்டும் ரூபி. நாங்கள் என்றால் உடனே உன் அண்ணன் அதற்குள் புகுந்துகொள்வார்.”

அடித்தாள். அச்செடுத்து, மடித்து, உறையில் போட்டு, அவளே தபாலில் சேர்த்துவிட்டு வந்தாள். மூன்றாவது கடிதத்துக்கு எதுவும் கேட்கவில்லை.

நான் தோற்றுப்போகிறவள் இல்லை, தம்பி. ஏழு துறைத்தலைவர்களைப் பார்த்தவள். பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயரை விட்டுவிட்டபோது அதைக் கையில் பிடித்துக்கொண்டு முதல்வர் அறை வாசலில் நாள் முழுக்க நின்றவள். உங்கள் மலரில் அந்த வரி வராவிட்டால் நான்காவது கடிதம் எழுதுவேன். இப்போது நானே தட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன், கொஞ்சம் மெதுவாக வரும்.

எழுதிவிட்டீர்களா? வாசியுங்கள். ‘முனைவர் எஸ்தர் பாக்கியசீலி.’ சரி. ‘தனராஜ்’ என்று பின்னால் ஒட்டாதீர்கள். போதும்.

என்ன கேட்டீர்கள்? கூடத்துக் கணினியில் உட்கார்ந்திருந்தவர் பெயரையும் சேர்க்கலாமா என்றா? ஒரு வரியில் இரண்டு பெயர் வந்தால் இரண்டையும் யாரும் படிக்கமாட்டார்கள். அவள் கேட்கவும் இல்லையே. கேட்டிருந்தால் யோசித்திருப்பேன்.

அவளோடு பேச வேண்டுமா? இங்கே இல்லை. மறைக்க என்ன இருக்கிறது, சொல்கிறேன். ஜூன் இரண்டாம் வாரம் போய்விட்டாள். நாகர்கோவிலில் ஒரு செவிலியர் கல்லூரியில் கணினி அறைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். எங்களிடம் சொல்லாமல் விண்ணப்பித்திருக்கிறாள். நேர்முகத்தில் ஓடாத கணினி ஒன்றைக் காட்டி, என்ன கோளாறு என்று கேட்டார்களாம். அங்கேயே உட்கார்ந்து சரிசெய்து கொடுத்தாளாம். இப்போது நாற்பது கணினிகள் அவள் பொறுப்பில். பணிபுரியும் பெண்களுக்கான விடுதியில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் அண்ணனோடு போனில் பேசுகிறாள். மைனி நல்லா இருக்காங்களா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாளாம். கிறிஸ்துமஸுக்கு வரச் சொன்னோம். வேலை இருக்கிறது என்றாள். கல்லூரிக்கு அப்போது பத்து நாள் விடுமுறை. அவள் வரவில்லை.